விரிந்த படுக்கையில் புரதம் பிடித்தல்: ஓட்டத்தை விட்டு உயரத்தைக் கவனியுங்கள்

நொதிகலனிலிருந்து வரும் குழம்பை மையவிலக்கியிலும் வடிகட்டியிலும் ஏற்றாமல், செல்களோடு சேர்த்தே ரெசின் (புரதம் ஒட்டும் நுண்மணிகள்) படுக்கைக்குள் கீழிருந்து மேலாக விட்டு, வேண்டிய புரதத்தை மட்டும் துகள்களில் பிடித்துக்கொள்வதுதான் விரிந்த படுக்கைப் பரப்புக்கவர்ச்சி. யோசனை பழையது. வடிகட்டாத குழம்பிலிருந்து நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளான ஸ்ட்ரெப்டோமைசினை 1950களிலும், நோவோபயோசினை 1970களிலும் மிதக்கும் ரெசினில் பிடித்திருக்கிறார்கள். அந்தப் படுக்கைகளில் துகள்கள் மேலும் கீழுமாகப் புரண்டன. அதனால் பிடிப்பு அரைகுறையாகவே இருந்தது. துகள்கள் தத்தம் மட்டத்தில் நிற்கும்படி கனமும் அளவும் கலந்து செய்த ரெசினைப் பார்மசியா நிறுவனம் 1993இல் ஸ்ட்ரீம்லைன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகே இது உண்மையான நிறப்பிரிகையாக (குரோமடோகிராபி) மாறியது.

ஆனாலும் மருந்துத் துறையில் எதிர்பார்த்த அளவுக்கு இது பரவவில்லை. பழி பெரும்பாலும் ரெசினின் மேல் விழுகிறது. எங்கள் பார்வையில் ரெசினின் கொள்திறன் கடைசிக் கவலை. தோல்விகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் பிறக்கின்றன: படுக்கை நிலைகுலைவது, செல்கள் துகள்களில் ஒட்டுவது, திரவத்தைத் தூணுக்குள் பரப்பிவிடும் அடித்தட்டு அடைத்துக்கொள்வது. இம்மூன்றையும் சரிசெய்யும் முறையை ஒரே எடுத்துக்காட்டை வைத்துச் சொல்கிறோம். பிக்கியா பாஸ்டோரிஸ் ஈஸ்ட் வெளியே சுரக்கும் ஒரு புரதம், சல்ஃபோபுரொப்பைல் வகை நேரயனிப் பரிமாற்றி ரெசின் (நேர்மின்னேற்றமுள்ள புரதத்தைப் பிடிப்பது), 5 செ.மீ. உள்விட்டமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள கண்ணாடித் தூண்.

முதலில் கணக்கு

குவார்ட்ஸ் கரு கொண்ட அகரோஸ் ரெசினில் துகள்கள் 100 முதல் 300 மைக்ரான் வரை இருக்கும். சராசரி 200 மைக்ரான், அடர்த்தி 1.2 (கிராம்/மி.லி.) என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி நீரில் ஸ்டோக்ஸ் சூத்திரப்படி அப்படி ஒரு துகளின் முற்றுத் திசைவேகம் (தனியாக மூழ்கும்போது அது எட்டும் நிலையான வேகம்) ஏறக்குறைய 1570 செ.மீ./மணி.

படுக்கையாக இருக்கும்போது துகள்கள் ஒன்றையொன்று தடுக்கும். அதற்கு 1954இல் வந்த ரிச்சர்ட்சன்–சாக்கி உறவு போதும்: ஓட்ட வேகம் = முற்றுத் திசைவேகம் × (இடைவெளிப் பங்கின் 4.8ஆம் அடுக்கு). இடைவெளிப் பங்கு என்பது படுக்கையில் துகள்களுக்கு இடையே திரவம் நிற்கும் இடத்தின் பங்கு. படிந்து கிடக்கும் படுக்கையில் இடைவெளிப் பங்கு சுமார் 0.4. படுக்கை இரண்டு மடங்கு உயர்ந்தால் அது 0.7 ஆகும், இரண்டரை மடங்கில் 0.76, மூன்று மடங்கில் 0.8. ஆகவே நீரில் படுக்கையை இரு மடங்காக்கத் தேவையான வேகம் 1570 × 0.18, அதாவது ஏறத்தாழ 283 செ.மீ./மணி.

இனி அதே 283ஐ மாற்றாமல் வைத்துத் திரவத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். குளிர் அறையில் 4 டிகிரியில் நீரின் பாகுநிலை (ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை) 1.0லிருந்து 1.57 மில்லிபாஸ்கல்-வினாடியாக ஏறுகிறது. இரு மடங்கு நின்ற படுக்கை 2.6 மடங்குக்குப் போகிறது. பாகுநிலை 2, அடர்த்தி 1.02 உள்ள குழம்பில் 3.5 மடங்கு. பிக்கியா குழம்பை நீர்க்காமல் அப்படியே விட்டால், பாகுநிலை 4, அடர்த்தி 1.05 என்று கொள்ளும்போது, தனித் துகளின் முற்றுத் திசைவேகமே 295க்குக் கீழே இறங்கிவிடும். ரெசின் மேல் வழியாக வெளியேறி வடிகால் பாத்திரத்தில் கிடக்கும்.

பம்பின் எண்ணை ஒரு முறை அமைத்துவிட்டு நகர்ந்துபோவது இங்கே ஆகாது. மாறாமல் வைத்திருக்க வேண்டியது படுக்கையின் உயரம். அதற்காக ஓட்டம் எவ்வளவு வேண்டுமானாலும் மாறட்டும்.

ஸ்டோக்ஸ் கணக்கு இந்த அளவில் சற்று மிகையாகக் காட்டும். கையில் உள்ள ரெசினுக்கு ஒருமுறை அளந்துவிடுங்கள். 20 செ.மீ. படிந்த படுக்கை, அறை வெப்பநிலை நீர், 100, 200, 300, 400 செ.மீ./மணி என்று நான்கு வேகங்கள். ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் விட்டு உயரம் குறித்து, இடைவெளிப் பங்கைக் கணக்கிட்டு, இரண்டையும் மடக்கைத் தாளில் வரைந்தால் கோட்டின் சாய்வு அடுக்கையும், வெட்டுப்புள்ளி முற்றுத் திசைவேகத்தையும் தரும். இந்தத் தாளை ரெசின் டப்பாவோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது சுழற்சிக்குப் பிறகு ரெசின் எப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது இதுதான்.

நீர்ப்பது எவ்வளவு, எதற்காக

5 லிட்டர் குழம்பு இருக்கிறது. அதில் ஈரச்செல் 35 விழுக்காடு. செல்கள் நீங்கிய மேல்தெளிவில் புரதம் லிட்டருக்கு 1.5 கிராம். மொத்தப் புரதம் 7.5 கிராம் என்று எழுதிவிடாதீர்கள். செல்கள் அடைத்துக்கொண்ட இடத்தில் புரதம் இல்லை. திரவம் 3.25 லிட்டர்தான், புரதம் 4.9 கிராம். பிற்பாடு மீட்பு 65 விழுக்காடு என்று வந்து, எங்கே போயிற்று என்று தேடுகிறவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் தொலைத்திருப்பார்கள்.

எவ்வளவு நீர்த்தால் வேகமாக முடியும்? படுக்கை இரண்டரை மடங்கில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பாருங்கள். நீர்க்காவிட்டால் 79 செ.மீ./மணிதான் ஓட்டலாம், 5 லிட்டருக்கு மூன்றேகால் மணி நேரம். இரண்டு மடங்காக நீர்த்து பாகுநிலை 1.7க்கு வந்தால் 216 செ.மீ./மணி ஓடும், 10 லிட்டர் இரண்டு மணி இருபது நிமிடத்தில் முடியும். நான்கு மடங்காக நீர்த்தால் பாகுநிலை 1.3, வேகம் 300ஐத் தொடும், ஆனால் 20 லிட்டரை ஏற்ற வேண்டியிருப்பதால் மூன்று மணி இருபத்தைந்து நிமிடம். ஓட்டத்துக்காக மட்டும் என்றால் இரண்டு மடங்குக்கு மேல் நீர்ப்பது நேரத்தை வீணாக்கும்.

ஆனாலும் நான்கு மடங்கு நீர்க்க வேண்டிவரும். காரணம் உப்பு. பிக்கியா ஊடகத்தில் உப்பு தாராளம். கடத்துத்திறன் 10 மில்லிசீமென்ஸ்/செ.மீ.க்குக் கீழே வராமல் சல்ஃபோபுரொப்பைல் ரெசின் ஒழுங்காகப் பிடிக்காது. எனவே நீர்த்தலைக் கடத்துமானியைப் பார்த்து முடிவு செய்யுங்கள், பாகுமானியைப் பார்த்து அல்ல. உப்பு கூடியிருந்தாலும் பிடிக்கும் கலப்பு வகை ரெசின் கிடைத்தால் இரண்டு மடங்கோடு நிறுத்தி ஒரு மணி நேரம் மிச்சப்படுத்தலாம். அந்த வகை ரெசினுக்குக் கூடுதல் விலை கொடுப்பதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

பிஎச் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. பிக்கியாவின் பாஸ்பேட் மிகுந்த ஊடகத்தில் பிஎச் 6ஐ நெருங்கினால் மக்னீசியம், கால்சியம் பாஸ்பேட்டுகள் வெள்ளைப் பொடியாகப் படியத் தொடங்கும். அது நேராக அடித்தட்டின் வலையில் போய் உட்காரும். 4 முதல் 5க்குள் வேலையை முடிக்க முடிகிற புரதம் என்றால் அங்கேயே முடியுங்கள். பிஎச் சரிசெய்தபின் அரை மணி நேரம் மெதுவாகக் கலக்கிவிட்டு, ஒரு சோதனைக் குழாயில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்த பிறகே பம்பை இயக்குங்கள்.

அந்த அரை மணிக்கு இன்னொரு பயனும் உண்டு. நொதிகலனில் இருந்து வரும் குழம்பில் கரியமில வாயு கரைந்து நிறைந்திருக்கும். குளிர்ந்த குழம்பு தூணில் சூடேறினால் அது குமிழிகளாக வெளிவந்து படுக்கையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும். காத்திருக்கும் நேரத்தில் வாயு போய்விடும், குழம்பும் அறை வெப்பநிலைக்கு வந்துவிடும். அதோடு தூணுக்கு முன்னால் ஒரு குமிழிப் பொறி கட்டாயம்.

ஈ. கோலை போன்ற உடைத்த செல்களோடு வேலை என்றால் எதிரி வேறு: டிஎன்ஏ. உடைத்த செல்களின் நூலிழைகள் பாகுநிலையை ஏற்றும். எதிர்மின்னேற்றம் உள்ளவற்றைப் பிடிக்கும் எதிரயனிப் பரிமாற்றியில் கொத்தாக ஒட்டித் துகள்களைக் கட்டிப்போடும். உயரழுத்த உடைப்பானில் இரண்டாவது முறை ஓட்டினால் இழைகள் அறுபடும். டிஎன்ஏவை வெட்டும் பென்சோனேஸ் நொதி போட்டால் இன்னும் நல்லது. அதற்கு 1–2 மில்லிமோலார் மக்னீசியம் வேண்டும், பஃபரில் (பிஎச்சை நிலைநிறுத்தும் கரைசல்) மக்னீசியத்தைப் பிணைத்துவிடும் ஈடிடிஏ இருந்தால் நொதி வேலை செய்யாது. உலர் செல் எடை 5 விழுக்காட்டுக்கும் பாகுநிலை 10க்கும் கீழே இருக்க வேண்டும் என்பது இந்த ரெசின்களோடு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. இலகுவான குவார்ட்ஸ் கருத் துகளுக்கு அந்த 10 கூட அதிகம்.

ஒட்டுகிறதா என்று முன்கூட்டியே பார்ப்பது

ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும் சோதனை இது. இருந்தும் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1 செ.மீ. விட்டமுள்ள சிறு தூணில் 10 செ.மீ. ரெசின். பஃபரில் அதை இரு மடங்கு விரியுங்கள். செல்களைக் கழுவி, அதே பஃபரில் 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி ஏறத்தாழ 0.8 வரும்படி கலக்கி, 2 மி.லி. ஒரே வீச்சில் செலுத்துங்கள். வெளியே வரும் முகட்டின் பரப்பை, ரெசின் இல்லாத தூணில் வந்த முகட்டின் பரப்பால் வகுங்கள். விடை 0.9க்கு மேல் இருந்தால் செல்கள் கடந்துபோகின்றன. அதற்குக் கீழே என்றால் பெரிய தூணில் ஏற்றுவதற்கு முன் ஏதாவது மாற்ற வேண்டும்.

ஈஸ்ட், பாக்டீரியா செல்களின் மேற்பரப்பு பொதுவாக எதிர்மின் தன்மை உடையது. எதிர்மின்னேற்றம் கொண்ட நேரயனிப் பரிமாற்றியில் அவை அவ்வளவாக ஒட்டுவதில்லை; எதிரயனிப் பரிமாற்றியில் ஒட்டும். எங்கள் எடுத்துக்காட்டில் சல்ஃபோபுரொப்பைலைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். புரதத்தின் சமமின் புள்ளி (அதன் நிகர மின்னேற்றம் சுழியாகும் பிஎச்) இடம் கொடுத்தால், கொள்திறன் கொஞ்சம் குறைந்தாலும் நேரயனிப் பக்கமே போங்கள். இடம் கொடுக்காவிட்டால் மூன்று வழிகள்: உப்பைச் சற்றுக் கூட்டுவது, பிஎச்சை அரை அலகு நகர்த்துவது, அல்லது துகள்களின் மேற்பரப்பில் பாலி அக்ரிலிக் அமிலம் பூசுவது. அந்தப் பெரிய பாலிமர் துகளின் துளைகளுக்குள் நுழையாமல் வெளியே மட்டும் ஓர் எதிர்மின் போர்வையாக நிற்பதால் செல்கள் விலகும், புரதம் உள்ளே போகும். இதை டைஎத்தில்அமினோஎத்தில் என்ற எதிரயனிப் பரிமாற்றி ரெசினில் செய்து காட்டியிருக்கிறார்கள். பூச்சு கழுவலில் எவ்வளவு நாள் நிற்கிறது என்பதை உங்கள் கழுவல் முறையோடு நீங்களே சோதித்துக்கொள்ள வேண்டும்.

தூணை நிறுத்துவது

ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் பாருங்கள். தூக்குக்குண்டு தொங்கவிட்டால் இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியாத, அரை டிகிரி கூட இல்லாத சாய்வே படுக்கையில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் சுழலை உண்டாக்கிவிடும். மேசையின் மேல் நிறுத்திய தூணை, பக்கத்தில் மையவிலக்கி ஓடும்போதும் ஒருமுறை சரிபாருங்கள்.

5 செ.மீ. தூணின் குறுக்குப் பரப்பு 19.6 சதுர செ.மீ. 20 செ.மீ. படிந்த படுக்கைக்கு 390 மி.லி. ரெசின் வேண்டும். 300 செ.மீ./மணி என்பது நிமிடத்துக்கு 98 மி.லி. பெரிஸ்டால்டிக் பம்ப் போதும், ஆனால் அதன் துடிப்பு படுக்கையை உலுக்கும். இரண்டு தலைகளை ஒன்றுக்கொன்று எதிர்க்கட்டத்தில் மாட்டி ஒரே குழாயில் சேர்த்தால் துடிப்பு பெரிதும் அடங்கும்.

ரெசினை ஊற்றுவதற்கு முன் அடித்தட்டிலும் வலையிலும் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். கீழிருந்து நீரை ஏற்றி, தட்டு மூழ்கியதும் ஓட்டத்தை இரண்டு மூன்று முறை திருப்பிவிட்டால் குமிழிகள் வெளியேறும். இங்கே விட்ட ஒரு குமிழி, பிறகு ஐந்து மணி நேரம் ஒரே இடத்தில் ஓட்டத்தை மறைத்துக்கொண்டிருக்கும்.

பஃபரில் விரித்து அரை மணி நேரம் விடுங்கள். பெரிய, கனமான துகள்கள் அடியிலும் சிறியவை மேலேயும் தங்கள் இடத்தை எடுத்துக்கொள்ளும். இந்த அடுக்குதான் இந்த முறையின் உயிர். சல்லடையில் சலித்து ஒரே அளவுத் துகளாக்கினால் நன்றாயிருக்கும் என்று தோன்றும், செய்யாதீர்கள். ஒரே அளவுத் துகள்களுக்குத் தனக்கென ஒரு மட்டம் கிடையாது, அவை புரண்டுகொண்டே இருக்கும். புது ரெசினில் முதல் ஓட்டத்தில் மிக நுண்ணிய துகள்கள் மேலே தப்பிப்போனால் போகட்டும்.

நன்றாக நிற்கும் படுக்கையில் துகள்கள் இருந்த இடத்திலேயே சிறு வட்டமாக அசையும். மேல்பாதியில் பெரிய வட்டச் சுழல் தெரிந்தால் தூண் சாய்ந்திருக்கிறது. அடியில் கோடுபோல் வழிகள் தெரிந்தால் காற்று சிக்கியிருக்கிறது, அல்லது வலை அடைத்திருக்கிறது. இந்த மூன்று காட்சிகளையும் பழகிக்கொண்ட கண் எந்தக் கருவியை விடவும் விரைவானது.

எண்ணில் சோதிப்பது

கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் ஒருமுறை அசிட்டோன் ஓட்டுங்கள். பஃபரில் 0.25 விழுக்காடு அசிட்டோன் கலந்து, விரிந்த படுக்கையில் வெளியேறும் திரவத்தை 280 நானோமீட்டரில் பார்த்து, கோடு உச்சத்தில் சமமானதும் வெறும் பஃபருக்கு மாறுங்கள். இறங்கும் வளைவில் பாதி உயரத்துக்கு வந்த நேரத்திலிருந்து, தூணுக்கு வெளியே உள்ள குழாயைக் கடக்கும் நேரத்தைக் கழித்தால் சராசரி நேரம். உச்சத்தின் 84.15 விழுக்காட்டுக்கும் 15.85 விழுக்காட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் பாதி, திட்ட விலக்கம். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வர்க்கம் செய்தால் கோட்பாட்டுத் தட்டுகளின் எண்ணிக்கை. படுக்கை எவ்வளவு ஒழுங்காக நிற்கிறது என்பதன் அளவு இது, கூடினால் நல்லது.

படிந்த படுக்கையின் ஒரு மீட்டருக்கு 170 முதல் 200 தட்டுகள் வந்தால் வேலைக்கு ஆகும். எங்கள் 20 செ.மீ. படுக்கைக்கு அது 34 முதல் 40. அதற்குக் குறைந்தால் குழம்பை ஏற்றாதீர்கள். சாய்வு, காற்று, வலை, இந்த வரிசையில் பாருங்கள்.

அசிட்டோன் சோதனையின் குறை, அது பஃபரில்தான் செல்லும். செல்கள் நிறைந்த குழம்பில் புற ஊதா அளவி குருடு. உண்மைக் குழம்பில் படுக்கை எப்படி நிற்கிறது என்று அறிய லித்தியம் குளோரைடைத் தடங்காட்டியாகச் செலுத்தி, வெளிவரும் மாதிரிகளைச் சுடர் ஒளிமானியில் அளக்கலாம். வேலை கூடுதல்தான். ஆனால் பஃபரில் 40 தட்டு காட்டிய படுக்கை குழம்பில் 10க்கு விழுவதைக் காட்டிக்கொடுப்பது இந்த வகைச் சோதனைதான்.

ஏற்றுதல்

கொள்திறனை ரெசின் பையில் அச்சிட்ட எண்ணிலிருந்து எடுக்காதீர்கள். நீர்த்த உண்மைக் குழம்பை, விரிந்த படுக்கையில், ஓட்டப்போகும் வேகத்தில் செலுத்தி, வெளியேறும் புரதம் உள்ளே போவதில் 10 விழுக்காட்டைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். அது மி.லி.க்கு 20 மி.கி. என்று வந்தால், அதில் 70 விழுக்காட்டையே திட்டத்தில் எடுங்கள். 390 மி.லி. × 14 மி.கி. = 5.5 கிராம். நமக்கு வேண்டியது 4.9. பொருந்துகிறது.

குழம்புப் பாத்திரத்தை ஏற்றி முடியும்வரை மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருங்கள். செல்கள் அடியில் தங்கினால் கடைசி அரை மணியில் களி ஏறும். பம்புக்கு முன், அடித்தட்டின் வலைக்கண்ணை விடச் சிறிய கண் கொண்ட இரண்டு வடிகட்டிக் கூடுகளை இணையாக மாட்டி, ஒன்று அடைத்தால் மற்றொன்றுக்குத் திருப்புங்கள்.

தூணில் மேல் அடாப்டரை (ஏற்றி இறக்கக்கூடிய மேல்மூடி) விரிந்த படுக்கைக்குச் சில செ.மீ. மேலே நிறுத்தி, கண்ணாடியில் 40, 50, 60 செ.மீ. கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். பஃபரிலிருந்து குழம்புக்கு மாறியதும் முதல் பத்து நிமிடம் தூணை விட்டு அகலாதீர்கள். படுக்கையின் இடைவெளிகளில் இருந்த அரை லிட்டர் பஃபர் அப்போதுதான் குழம்பாக மாறுகிறது. உயரம் ஏறுவது தெரியும். 50 செ.மீ. கோட்டைத் தாண்டினால் ஓட்டத்தை 10 விழுக்காடு குறைத்து இரண்டு நிமிடம் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு 10. இரு மடங்கில்தான் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். நான்கு மடங்கு நீர்த்த எங்கள் குழம்பில் 40 செ.மீ.யில் நிறுத்த 200 செ.மீ./மணிக்கு இறக்க வேண்டும், ஏற்றம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டும். ஈஸ்ட் குழம்பில் புரத அரிப்பு நொதிகள் இருக்கும்போது அந்தக் கூடுதல் ஒன்றரை மணி நேரம், அரை மடங்கு விரிவால் இழக்கும் சொற்பத் தட்டுகளை விட விலை அதிகம்.

பத்து நிமிடத்துக்குப் பிறகு உயரம் நிலைக்க வேண்டும். நிலைக்காமல் மெல்ல மெல்ல ஏறினால் குழம்பு மாறுகிறது: பாத்திரத்தில் செல்கள் படிகின்றன, அல்லது வெப்பநிலை இறங்குகிறது. மெல்ல இறங்கினால் கவலைப்படுங்கள். ஓட்டம் மாறாமல், குழம்பு மாறாமல் படுக்கை தாழ்வதற்கு முதல் சந்தேகம் ஒன்று: துகள்கள் செல்களால் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய கட்டிகளாகின்றன. கட்டிகள் கனமாக அடியில் இறங்கும், இடையில் கால்வாய் திறக்கும், குழம்பு ரெசினைத் தொடாமலே மேலே போகும். அந்த நிலையில் ஏற்றத்தை நிறுத்திவிட்டுக் கழுவலுக்கு மாறுவதே புத்திசாலித்தனம். கழுவல் பஃபரில் உப்பைச் சற்றுக் கூட்டினால் சில கட்டிகள் கலையும்.

அடித்தட்டின் முன்னுள்ள அழுத்தமானி ஏறினால் வலை அடைக்கிறது. ஓட்டத்தைச் சில வினாடி எதிர்த்திசையில் திருப்பினால் பெரும்பாலும் விடுபடும். ஏறி இறங்கியபடியே போனால் அன்றைய குழம்பைக் குறை சொல்லுங்கள், தட்டை அல்ல. அடியில் சுழலும் கலக்கியால் ஓட்டத்தைப் பரப்பும் தூண்களில் வலையே கிடையாது. களிமிகுந்த குழம்புக்கு அதுவே தோதானது, பதிலாக அடிப்பகுதியில் சில செ.மீ. படுக்கை கலங்கித்தான் நிற்கும்.

கழுவுவதில் உள்ள பொறி

குழம்பு பஃபரைத் தள்ளும்போது கனமான, பாகான திரவம் கீழிருந்து இலகுவானதைத் தள்ளுகிறது. எல்லை நேராக மேலே நகரும். கழுவும்போது தலைகீழ். இலகுவான, நீர்போன்ற பஃபர் கீழே, கனமான குழம்பு மேலே. பஃபர் விரல்களாகக் குழம்பைத் துளைத்துக்கொண்டு ஓடிவிடும். செல்கள் பக்கவாட்டில் தங்கிக்கொள்ளும். படிந்த படுக்கையின் 15, 20 மடங்கு பஃபர் ஊற்றியும் தெளியாததற்கு இதுதான் காரணம்.

கழுவலின் முதல் பகுதியில் 25 விழுக்காடு கிளிசரால் கலந்த பஃபரை, விரிந்த படுக்கையின் ஒரு கொள்ளளவு (எங்கள் தூணில் ஒரு லிட்டர்) செலுத்துங்கள். அதன் பாகுநிலை 2க்குச் சற்று மேல், அடர்த்தி 1.06, குழம்பை விட இரண்டிலும் கூடுதல் என்பதால் எல்லை உடையாது. படுக்கை எகிறும், ஆகவே ஓட்டத்தை முன்கூட்டியே 100 செ.மீ./மணிக்கு இறக்குங்கள். பிறகு சாதாரண பஃபர், 600 நானோமீட்டர் கோடு அடிக்கு வரும்வரை. பஃபர் செலவு பாதியாகும். கிளிசராலின் விலையையும் கழிவுநீரின் சுமையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பெரிய அளவில் இதை வேண்டாம் என்று முடிவு செய்பவர்களும் உண்டு; அவர்கள் கணக்கும் தவறல்ல.

விடுவித்தல்

பம்பை நிறுத்தி, படுக்கை படிய விட்டு, அடாப்டரைப் படுக்கையின் மேல் முகம் வரை இறக்கி, மேலிருந்து கீழாக 1 மோலார் உப்புப் பஃபரை 50 முதல் 100 செ.மீ./மணி வேகத்தில் ஓட்டுங்கள். எங்கள் தூணுக்கு நிமிடம் 16 முதல் 33 மி.லி. விரிந்த நிலையிலேயே விடுவித்தால் அடாப்டரை நகர்த்தும் வேலை இல்லை. ஆனால் புரதம் நீர்த்துப்போய் வரும். 20 லிட்டரில் ஏற்றியதை ஒரு லிட்டரில் எடுப்பதுதான் இந்தப் படியின் லாபம். அதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ரெசினை மாற்றுவது எப்போது

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் ஏற்றம் மெதுவாக இருக்கிறது, கொள்திறன் வேகத்தோடு சரிகிறது என்றால் துகளுக்குள் புரதம் ஊடுருவும் நேரம்தான் தடை. அது துகள் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் 200லிருந்து 100 மைக்ரானானால் ஊடுருவல் நான்கு மடங்கு வேகம். ஆனால் அந்தச் சிறு துகள் அதே ஓட்டத்தில் பறக்காமல் நிற்க, திரவத்தோடு அதன் அடர்த்தி வேறுபாடும் நான்கு மடங்காக வேண்டும்: 0.2லிருந்து 0.8, அதாவது அடர்த்தி 1.8.

குவார்ட்ஸின் அடர்த்தி 2.65 என்பதால் அதைக் கொண்டு 1.8 எட்ட, துகளில் பாதிக்குக் கிட்ட கல்லாகவே இருக்க வேண்டும். புரதம் பிடிக்க இடம் இராது. துருப்பிடிக்காத எஃகுக் கரு என்றால், 1.2 அடர்த்திக்குக் குவார்ட்ஸ் எடுத்துக்கொள்ளும் அதே பத்துப் பதினொரு விழுக்காட்டு இடத்திலேயே 1.8 கிடைக்கும். டங்ஸ்டன் கார்பைடு என்றால் அதே இடத்தில் 2.6ஐத் தொடலாம். பாகுநிலை கூடிய குழம்புக்கும் இந்தக் கனத் துகள்களே விடை: நீர்க்காத குழம்பிலும் நின்றுவிடும். ஆனால் கனத் துகளை விரிக்க வேகமான ஓட்டம் வேண்டும். குழம்பு படுக்கையில் தங்கும் நேரம் குறையும். மெதுவாகப் பிடிக்கும் பெரிய புரதங்களுக்கு அப்போது படுக்கை உயரத்தை 20லிருந்து 40 செ.மீ.க்கு ஏற்ற வேண்டிவரும். தூணின் மொத்த உயரம் அதற்கு இடம் தருகிறதா என்று ரெசின் வாங்குவதற்கு முன்னால் பாருங்கள்.

சுத்தம், சேமிப்பு

விடுவித்த உடனே, செல் எச்சம் காயும் முன், கீழிருந்து மேலாகப் படுக்கையை மூன்று மடங்கு விரித்து 1 மோலார் உப்பு ஓட்டுங்கள். அதன்பின் 1 மோலார் உப்போடு 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, மெதுவான ஓட்டத்தில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல். கொழுப்பு, நுரையடக்கி எண்ணெய் ஒட்டியிருந்தால் 30 விழுக்காடு ஐசோபுரொப்பனால். புரோட்டீன்-ஏ போன்ற ஒரு புரதத்தையே பிடிப்பானாகக் கொண்ட ரெசினுக்கு இந்தக் காரம் ஆகாது. தயாரிப்பாளர் தாளைப் பாருங்கள். அடித்தட்டையும் வலையையும் மாதம் ஒருமுறையாவது கழற்றிக் கழுவுங்கள், தூணோடு சேர்த்துச் செய்யும் கழுவல் வலையின் மறுபக்கத்தை எட்டாது.

கழுவியபின் நீரில், குறித்த வெப்பநிலையில், 300 செ.மீ./மணியில் படுக்கை உயரத்தை அளந்து முதல் நாள் தாளோடு ஒப்பிடுங்கள். தாழ்ந்திருந்தால் கட்டிகள் இன்னும் இருக்கின்றன, மறுபடி காரம். உயர்ந்திருந்தால் துகள்கள் தேய்ந்து உடைகின்றன. சல்ஃபோபுரொப்பைல் ரெசினை 20 விழுக்காடு எத்தனாலில் 0.2 மோலார் சோடியம் அசிட்டேட் சேர்த்து 4 முதல் 30 டிகிரிக்குள் வைக்கலாம். உறைய விடக் கூடாது. அடுத்த ஓட்டத்துக்கு எத்தனாலை வெளியேற்றும்போது முதலில் குறைந்த வேகத்தில் நீர் விடுங்கள், எத்தனால் கலவையின் பாகுநிலை நீரை விடக் கிட்டத்தட்ட இரு மடங்கு. எடுத்த எடுப்பில் 300இல் ஓட்டினால் ரெசின் அடாப்டர் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும்.